கையில் கொடுத்த உப்பு

அந்தம்மாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இனிஷியலோடு சொல்வேன். ஆனால் தன் பெயரை நாலு பேர் சொல்லக் கேட்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஆண்டு விழாவில் மைக்கில் கூப்பிட்டால் முதல் தடவை காதில் விழாதது போல உட்கார்ந்திருப்பார். இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் புடவை மடிப்பை நீவிக்கொண்டு எழுந்திருப்பார். அந்த ஆசையை நான் எதற்கு நிறைவேற்ற வேண்டும்? பெயரில்லாமலே இருக்கட்டும்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பழைய அரிசி மண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒரு டிரஸ்ட் 'உணவு வங்கி' என்று போர்டு மாட்டியது. வங்கி என்றதும் முதல் வாரம் சிலர் பாஸ்புக்கையும் ஆதார் கார்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கொடுத்தது பை. அரிசி, துவரம்பருப்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, எண்ணெய், சில வாரம் முட்டை. புதன்கிழமை காலையில் போக வேண்டும். போனவுடனே பை கிடைத்துவிடாது. முதலில் உட்கார்ந்து சத்துணவு வகுப்பு கேட்க வேண்டும், அங்கே சமைத்ததை ஒரு வாய் சாப்பிட வேண்டும், பிறகுதான் பை. அந்த வகுப்பை நடத்தியவர்தான் அந்தம்மா.

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ கையில் குடை, கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய கரண்டி. டிரஸ்டில் இல்லாத கரண்டியா? இருந்தாலும் தன் கரண்டியால்தான் கிண்டுவார். அவரை அக்கா என்று கூப்பிடக் கூடாது, "நா எப்ப உனுக்கு அக்காவானேன்?" என்பார். அம்மா என்றால், உன்னைப் பெற்ற பாவத்தை நான் செய்யவில்லை என்பார். கடைசியில் எல்லோரும் மேடம் என்றோம்.

அவருக்கு எங்கள் ஊர் மேல் ஒரு கடுப்பு இருந்தது. வடித்த கஞ்சியைத் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்டு வெயிலில் காய வைக்கிற நெசவாளர் ஊர் இது. அரிசியை வடிக்காதீர்கள், சத்தெல்லாம் கஞ்சியோடு போய்விடும் என்று பாடம் சொல்ல வந்தவர், எங்களைப் பார்த்து, "கஞ்சிய பாவுக்கு ஊத்திட்டு சக்கைய புள்ளைக்கு போடுறீங்க. பொடவ கெட்டியா இருக்குது, புள்ள நூலாட்டம் இருக்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நான் அங்கே புதிது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மகள் நூல் மாதிரிதான் இருந்தாள்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் கால். ஓரிக்கை பக்கம் போய்விட்டு வரும்போது வண்டி சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே பிளேட் வைத்தார்கள். எங்களுடையது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்தால்தான் தறி ஓடும். கை எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? எலும்பு கூடும்வரை தறி நின்றது, தறி நின்றதும் அடுப்பும் பாதி நாள் நின்றது. உறவில் யாரிடமும் போய் நிற்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம். தெரியாதவர்களிடம் நிற்பதில் அவமானம் குறைவு என்று நினைத்தேன். அந்தம்மாவைத் தெரியாமல் போட்ட கணக்கு அது.

முதல் புதன்கிழமை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருத்தி. எனக்கு முன்பே வந்துகொண்டிருந்தவள். அன்று முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை. ஆளுக்கு ஒரு விள்ளல் வந்தது. வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, உப்பே இல்லை. மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து நல்ல மனதோடுதான் சொன்னேன்.

"மேடம், உப்பு இல்லையே."

அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முக்காட்டை, அதற்குள் இருந்த மூக்குத்தியை, பையை மறைக்கக் கொண்டு போயிருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையை, எல்லாவற்றையும் பார்த்தார்.

"உப்பு போட்டுத் தின்னுறவ இங்க வருவாளா?"

உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சூடு சொரணை இருக்கும் என்பது எங்கள் பேச்சு. உனக்கு ரோஷமில்லை என்று நூறு பேர் நடுவில் என்னிடம் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? தன் பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து கைநிறையக் கல்லுப்பை அள்ளி, என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் கொட்டி விரல்களை மூடினார். "இந்தா, எட்துக்கினு போ," என்றார். பக்கத்தில் இருந்தவள் ஐயையோ என்றாள். உப்பை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை போனால் சண்டை வரும். கூரத்துக்காரிக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தார்.

பையை ஒரு கையிலும் உப்பை மறு கையிலுமாக வீட்டுக்கு நடந்தேன். வியர்வையில் பாதி கரைந்து விரல் இடுக்கில் வழிந்தது. மீதியை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் வழித்துப் போட்டு மூடி, மஞ்சள்பொடிக்குப் பின்னால் வைத்தேன். ஈரம் காய்ந்து அது ஒரே கட்டியாக இறுகியது. இந்தப் பை இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லுகிற நாளில், இதே உப்பை அதே கையில் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன், அன்றைக்கு அந்தம்மாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னால்தான் சொன்னேன். ஆனால் சாமிக்கு நேர்ந்துகொண்டதைக்கூட நான் மறந்ததுண்டு, இதை மறந்ததில்லை.

வகுப்பில் எந்தச் சமையலிலும் அவர் உப்புப் போடமாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. டிரஸ்டில் இருந்தவர்கள் அதை ரத்த அழுத்தத்துக்காக என்று நினைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். பையிலும் உப்பு இருக்காது. உப்புப் பாக்கெட்டும் சேர்க்கலாமே என்று யாரோ கேட்டபோது, "அது ஒண்ணாவது அவங்க வூட்டுதா இருக்கட்டும்," என்றாராம். இதைக் கேட்டு எங்கள் தெருக்காரி உருகினாள். எவ்வளவு பெரிய மனசு பார் என்றாள். எனக்கு உருகவில்லை. கொடுக்கிறவர்கள் கொடுக்காததற்கும் பேர் வாங்குகிறார்களே என்றுதான் தோன்றியது.

ஒருநாள் பட்டுக்கடை முதலாளி ஒருவர் பிறந்தநாளுக்காக வந்தார். அந்த வாரப் பருப்பு முழுக்க அவர் கொடுத்தது. கூடவே போட்டோ எடுக்க ஆள். எங்களை ஒவ்வொருத்தராக வரச்சொல்லி, பையை அவர் கொடுக்க நாங்கள் வாங்க, இரண்டு பேரும் கேமராவைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு பேர் ஆனதும் அந்தம்மா எழுந்து போனார். ஒரு பையை எடுத்து முதலாளியின் கையில் திணித்து, "ஐயா, இப்ப நீங்க வாங்குற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாம். எப்படி இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியணும் இல்ல?" என்றார். போட்டோகாரன் பழக்கதோஷத்தில் எடுத்தும்விட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மண்டிக் கூரையிலிருந்து புறா பறந்தது. அன்று மட்டும் அந்தம்மாவை எனக்குக் கொஞ்சம் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவர் யாரையும் சிரித்துவிட்டுப் போக விடமாட்டார். முதலாளி அதற்குப் பிறகு வரவில்லை, பருப்பும் வரவில்லை. அடுத்த வாரம் பை இலேசாக இருந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். "போன வாரம் சிரிச்சீங்களே, நல்லா இருந்துச்சா? அதான் பருப்பு. இன்னொரு வாட்டி சிரிங்க," என்றார். தன்னால் வந்த நஷ்டத்துக்கு எங்களைப் பழிவாங்கத் தெரிந்த ஒரே மனுஷி அவர்தான்.

வீட்டுக்கும் வருவார். சொல்லாமல் வருவார். வந்தால் தின்பண்டம், காப்பி, உட்காருங்க என்ற உபசாரம் எதற்கும் மசியமாட்டார். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களின் மூடியைத் திறப்பார். அடுத்தவர் வீட்டு மூடியைத் திறப்பது அடுத்தவர் புடவையை விலக்கிப் பார்ப்பது மாதிரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிண்ணத்தில் அவித்த முட்டை ஒன்று இருந்தது. யாருக்கு என்றார். இவருக்கு, எலும்பு கூட வேண்டும் என்று டாக்டர் சொன்னார் என்றேன். பெண்ணுக்கு என்றார். அவளுக்குப் பாதி என்றேன். "உனுக்கு?"

நான் கிண்ணத்தை மூடினேன். அந்தம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வாசலில் தெருக்காரி நின்றுகொண்டிருந்தாள். "வெளுத்துப்போய் இருக்குது. ரத்தமே இல்ல. நாளைக்கு நீ வுழுந்தா இவுங்க ரெண்டு பேருக்கும் யார் கிண்டிப் போடுவா? எல்லாருக்கும் போட்டுட்டு வழிச்ச சட்டிய நக்குறத தியாகம்னு நெனச்சுக்கினு இருக்குற," என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, தறிகாரருக்குப் பொஞ்சாதி கண்ணு மட்டும் தெரியாது போல என்றார். அவர் கால் நீட்டிப் படுத்திருந்தவர், எழுந்து உட்காரவும் முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது மனிதனை அப்படிச் சொல்ல அந்தம்மா யார்? அன்றிலிருந்து முட்டையை மூன்றாக வெட்டினோம். கோபத்தோடுதான் தின்றேன். உடம்பில் ஒட்டியது.

கோபத்தில் செய்ததுதான் மற்றதும். டிரஸ்டில் 'சொந்தக்கால்' என்று ஒரு திட்டம் இருந்தது. கீரை விதை கொடுப்பார்கள், கோழிக்குஞ்சு கொடுப்பார்கள், சிறுதானிய முறுக்கு சுடச் சொல்லிக்கொடுப்பார்கள். பலர் விதையை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு மறுபடியும் பைக்கு வந்து நிற்பார்கள். எனக்கு மாடி இல்லை, தோட்டம் இல்லை. சிப்பிக்காளான் வளர்க்க அரையிருட்டும் ஈரமும் போதும் என்றார்கள். அரையிருட்டுக்கும் ஈரத்துக்கும் என் வீட்டில் என்ன குறை? காற்றுப் பட்டால் இழை அறும் என்று தறி அறையின் ஜன்னலை வருஷக்கணக்காக நாங்கள் திறந்ததில்லை.

வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, விதை தூவி, பிளாஸ்டிக் பையில் அடைத்து, தறிக்கு மேலே பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி தொங்கும் அதே விட்டத்தில் உறிபோலக் கட்டினேன். நாளுக்கு நாலு தடவை தண்ணீர் தெளித்தேன். பை முழுவதும் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தது. துளைகளில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டு விட்டபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது ஒரு வியாழக்கிழமை.

மறுநாள் வெள்ளி. நின்ற தறியானாலும் வெள்ளிக்கிழமை தறிக்குச் சாம்பிராணி போடாமல் என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளாது. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் ஊன்றுகோலோடு எழுந்துபோய்த் தூபக்காலில் நெருப்பை அள்ளிப் போட்டுத் தறிக்குக் காட்டியிருக்கிறார். பாவம், பைகளுக்கும் சேர்த்துக் காட்டியிருக்கிறார், நன்றாக வரட்டும் என்று. ஜன்னலும் கதவும் சாத்திய அறை. நான் வந்து பார்த்தபோது புகை விட்டத்திலிருந்து இறங்காமல் நின்றது. இரண்டே நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டு, பையே புளித்து நாறியது. நெசவாளி வீட்டைத் தவிர வேறு எங்கேயும் இந்த விபத்து நடந்திருக்காது.

அந்தம்மா வந்து பார்த்தார். விவரத்தைக் கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "பரவால்ல, வுடு. ஆரம்பத்துலயே தெரியும் எனுக்கு. நீ பைக்கே வந்துடு. உனுக்கு அதான் சரி," என்றார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். எங்கள் தெருக்காரியின் கோழிக்குஞ்சு செத்தபோது அவளிடம் எவ்வளவு இதமாகப் பேசினார் தெரியுமா? தோளில் கை வைத்து, உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை. அவர் போன கையோடு, நாறிய பைகளை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வைக்கோலுக்கு ஆள் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று இவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஒருநாள் நல்ல மழை. வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது. ரசம் கொதிக்கிறது. மகள் அலமாரியில் துழாவி அந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவள் பயந்துபோய்விட்டாள். இது சமையலுக்கு இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றாள். திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றேன். அன்று மூன்று பேரும் உப்பில்லாத ரசத்தைக் குடித்தோம். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும்.

காளான் இந்தத் தடவை வந்தது. கொத்துக் கொத்தாக, யானைக் காது மாதிரி. முதல் கொத்தை நாங்களே மிளகு போட்டு வதக்கிச் சாப்பிட்டோம். பிறகு பக்கத்துத் தெருக்களுக்கு, பிறகு ஏனாத்தூரில் மாணவர்கள் தங்கியிருக்கும் மெஸ்ஸுக்கு. அவர்கள் வாரா வாரம் கேட்டார்கள். இவருக்கும் எலும்பு கூடியது. காலைக் குழிக்குள் இறக்கி முதலில் வலியோடு, பிறகு வலியில்லாமல் மிதிக்க ஆரம்பித்தார். தறி ஓடத் தொடங்கியதும் பைகளைப் பின்கட்டு நடைக்கு மாற்றி, நனைத்த கோணியைச் சுற்றிலும் தொங்கவிட்டேன். ஒரு புதன்கிழமை காலை, பைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் மெஸ்ஸுக்குக் காளான் நிறுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சட்டென்று உறைத்தது. நாள் வந்துவிட்டது.

இருப்பதில் நல்ல புடவையை உடுத்தினேன். பாட்டிலை எடுத்துக்கொண்டேன். வாய்க்குள் வசனம் தயாராக இருந்தது. எத்தனை காலமாகத் தீட்டிய வசனம். மண்டிக்குப் போனால் அங்கே வேறு ஒரு பெண் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயது, சுவரில் படம் போட்டுக் காட்டினார், எல்லோரையும் அக்கா அக்கா என்றார். அடை கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை. மேடம் எங்கே என்றேன். உடம்பு சரியில்லை, இனி வரமாட்டார் என்றார்கள்.

என்னை ஏமாற்றிவிட்டு அப்படி எங்கே போய்விடுவார்? மறுநாளே கூரத்துக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒரு டிபன் கேரியர், அதில் காளான் சூப்பும் இட்லியும். என் காளானை அவர் வாயில் போட வேண்டும், உப்பை அவர் கையில் கொட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று திட்டம். அந்தம்மா தன் தம்பி வீட்டில் இருந்தார். தம்பி மனைவி என்னை நடையிலேயே நிறுத்தி, இதயம் பலவீனமாகிவிட்டது, காலெல்லாம் நீர் கோத்திருக்கிறது, உப்பு அறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். ஒரு கல் உப்பும் இவருக்கு விஷம் என்றாளாம் நர்ஸ். கேரியரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. என் கைப்பையில் பாட்டிலோடு உப்பு இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சூப்பிலும் போட்டிருந்தேன். தம்பி மனைவியின் அடுப்பிலேயே, அந்த வீட்டாருக்கென்று நான் கொண்டுபோயிருந்த பச்சைக் காளானில் உப்பில்லாமல் மறுபடி ஒரு சூப் வைத்தேன். கோபத்தில் கொஞ்சம் மிளகை அதிகமாகவே தட்டினேன்.

கட்டிலில் அந்தம்மா சின்னதாகத் தெரிந்தார். பாதம் மட்டும் பெரிது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். படுக்கையில் கிடந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு இல்லையே."

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? கடவுள் இருக்கிறார் என்று நான் முழுதாக நம்பிய நிமிஷம் அது.

"உப்பு போட்டுத் தின்னுறவங்க அடுத்தவ கொண்டாந்த சோத்துக்கு வாய் தொறப்பாங்களா மேடம்?"

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மா என்னைப் பார்த்தார், முதல் நாள் பார்த்தாரே அதே மாதிரி. பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லப்போவதில்லை, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

"எத்தினி நாளா வெச்சினு இருந்த இத?" என்றார்.

"நீங்க உப்பு குடுத்தீங்களே, அன்னைலேர்ந்து."

"அந்த உப்பு எங்க?"

பாட்டிலை எடுத்துக் காட்டினேன். இறுகிப்போன கட்டியை வெளிச்சத்தில் பார்த்தார். உடனே உள்ளங்கையை நீட்டினார். "குடு."

நான் கொடுத்திருக்க வேண்டும். அதற்குத்தானே போனேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்தேன். விரல்கள் வீங்கி, நரம்பு தெரியாமல் இருந்தது. கொடுத்தால், நான் படி இறங்கியதும் அதை வாயில் போட்டுக்கொள்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீம்புக்காகவே போட்டுக்கொள்வார்.

"தரமாட்டேன்," என்றேன்.

"என்னுது."

"உடம்பு சரியாகட்டும். அப்புறம் தரேன்."

"பாத்தியா, கடைசில என்கிட்ட வாங்கினது வாங்கினதாவே இருக்குது," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டார். அந்த நிலைமையிலும் ஜெயித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் புதன்கிழமை போனேன். பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் என் கையால் சாப்பிடுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதற்காகப் போனேன். ஒவ்வொரு வாரமும் மூடியைத் திறப்பார், உப்பில்லை என்பார், குடிப்பார், கையை நீட்டுவார். நான் மாட்டேன் என்பேன். தம்பி மனைவிக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் பயமாக இருந்திருக்கும்.

ஒரு தடவை மட்டும் வேறு பேச்சு வந்தது. நான் வந்த புதிதில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளையும் என்னைப் போலவே ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னார். அவள் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவே இல்லை. எங்கே போனாள், பிள்ளைக்கு என்ன கொடுத்தாள், யாருக்கும் தெரியாது. ரோஷம் எல்லோரையும் நிமிர்த்திவிடுமா? சிலரை முறித்தும் போட்டுவிடும். அதை அவரிடம் நேராகவே கேட்டேன். அவளை உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றேன்.

"தெரியும்," என்றார். அவ்வளவுதான். அன்றைக்குக் கையை நீட்டவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு காலை தம்பி மனைவி போன் செய்தாள். பஸ்ஸில் போகும்போது கேரியர் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. கைப்பையில் பாட்டில் மட்டும் இருந்தது.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தம்மாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்து, யாரோ ஒரு பட்டுப்புடவையைப் போர்த்தியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் புடவைதான். கெட்டியாக இருந்தது. டிரஸ்டிலிருந்து மாலை வந்திருந்தது, அதில் பெயர் எழுதிய அட்டை. அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். தெருக்காரி வந்திருந்தாள், எப்போதும் அன்பாகப் பேசுவாங்க என்று அழுதாள். அவள் இன்னும் புதன்கிழமை பைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பெண்களெல்லாம் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். என் முறை வந்தது. அரிசியைப் போட்டேன். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். கட்டி வெளியே வர மறுத்தது. பாட்டிலைத் தரையில் தட்டியதும் கட்டி இரண்டாக உடைந்து விழுந்தது. அந்தம்மாவின் வலது கையைப் பிடித்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். வீக்கம் வடிந்திருந்தது. உப்பை உள்ளங்கையில் வைத்து, அவர் எனக்குச் செய்தது போலவே விரல்களை மூடினேன்.

பக்கத்தில் இருந்த ஒரு கிழவி பதறிப்போய் என் தோளைப் பிடித்தாள்.

"ஏம்மா, உப்ப கையில குடுக்காத. சண்ட வரும்."

"வரட்டும்," என்றேன்.